நிர்வாகியாகத் திற

"எய்லா, என் பனியை யாரு பூட்டினது?"

என் கணவர் என்சியோ அடுத்த அறையிலிருந்து கேட்டபோது நான் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். ஏரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மார்ச் இரண்டாவது வாரம், வெளியே மைனஸ் ஒன்பது. ஜன்னலுக்கு அப்பால் ஏரி நவம்பரிலிருந்தே பூட்டித்தானே கிடக்கிறது.

"கடவுள்தான் பூட்டினாரு. போய்க் கேளு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதே. இங்க வந்து பாரு."

கரண்டியும் கையுமாகப் போனேன். கணினித் திரையில் மஞ்சள் நிறக் கோப்புறை ஒன்று, கீழே 'பனி' என்று பெயர். அதன் மூலையில் கடுகளவு ஒரு பூட்டுப் படம். அவர் திறந்து காட்டினார். உள்ளே வருடம் வருடமாக அடுக்கியிருந்த ஒவ்வொன்றின் மூலையிலும் அதே பூட்டு. என்சியோ விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் திருடன் புகுந்து எல்லா அலமாரிக்கும் பூட்டுப் போட்டுவிட்டுப் போனதைப் போலீசுக்குக் காட்டுகிறவர் மாதிரி இருந்தது. படிக்க முடியும், எழுத முடியாது. நேற்று அளந்த ஐம்பத்து நாலு சென்டிமீட்டர், மேசைமேல் கிழித்த காகிதத் துண்டில் கிடந்தது.

அந்தப் பனிக் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதற்குப் போய் இவ்வளவு கலவரமா என்று தோன்றும். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது 1979இல். அந்த வருடத்திலிருந்து, ஏரி ஆள் கனம் தாங்கத் தொடங்கும் முதல் ஞாயிறு முதல் உருகிப் போகும் கடைசி ஞாயிறு வரை, ஒரு வாரம் தவறாமல் பனிக்கட்டியின் தடிமனை அளந்திருக்கிறோம். சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு எதிரே இருக்கும் படகுத்துறையிலிருந்து ஒற்றைப் பைன் மரம் நிற்கும் தீவைப் பார்த்து நேராக இருநூறு அடி எடுத்து வைக்க வேண்டும். அங்கே அவர் கைத்துளைப்பானால் ஓட்டை போடுவார். அடியில் கொக்கி வைத்த அளவுகோலை நான் உள்ளே விட்டு, கொக்கி பனியின் அடிப்பக்கத்தில் மாட்டும்வரை இழுத்துப் பிடிப்பேன். அவர் எண்ணைப் படிப்பார், நானும் படிப்பேன், இரண்டும் ஒத்துப் போனால்தான் எழுதுவார். யோவுனி பிறந்த வாரம்கூட நான் ஆஸ்பத்திரியில் இருக்க, அவர் பக்கத்து வீட்டு தாய்ஸ்தோவை இழுத்துக்கொண்டு போய் அளந்தார். தாய்ஸ்தோ அந்த எண்ணை ஊர்க் கடை வாசல் பலகையில் எழுதிப் போடுவான். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் விறகு வண்டியை ஏரிமேல் ஓட்டுவார்கள். குழந்தைகளைச் சறுக்க விடுவார்கள். என்சியோ சொன்ன எண்ணை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

முதலில் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. காகித ஆலையில் எந்திரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற குளிர்காலத்தில், அத்தனையையும் கணினிக்குள் ஏற்றினார். எண்களை எழுதவும் வரைபடம் போடவும் அவரே ஒரு சின்ன நிரலும் எழுதினார். ஏற்றி முடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாக சவுனா அடுப்பில் வைத்து எரித்தார். வேண்டாம், பரண்மேல் கிடக்கட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "ஒரே கணக்கு ரெண்டு இடத்துல இருந்தா, எது சரின்னு ஒரு நாள் சண்டை வரும் எய்லா. எல்லாம் உள்ள இருக்கு," என்றார். காய்ந்த காகிதம், நன்றாகத்தான் பற்றியது.

எங்கள் வீட்டுக் கணினி லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடுகிறது. ஊரில் பாதிப் பேர் வீட்டிலும் அதுதான், எல்லாம் என்சியோ நூலகத்தில் வியாழக்கிழமை வகுப்பு எடுத்துப் போட்டுக் கொடுத்தது. அதில் ஒரு விதி உண்டு. கணினிக்குச் சொந்தக்காரரே ஆனாலும், அன்றாடம் சாதாரண ஆளாகத்தான் உள்ளே இருக்க வேண்டும். கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம், தன் சொந்தப் பொருள்களை எடுக்கலாம், வைக்கலாம். கணினியின் வேரிலேயே கை வைக்கிற வேலை என்றால் மட்டும் அது ஒரு பெட்டியைக் காட்டி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்தால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நீங்கள் நிர்வாகி. அப்புறம் அது எதையும் கேட்காது, எதையும் தடுக்காது. எதை அழிக்கச் சொன்னாலும் அழிக்கும். "அதனாலதான், ஏறின உடனே இறங்கிடணும்," என்பார் வகுப்பில். "நிர்வாகியாவே உக்காந்திருக்கிறவன் என்னைக்காவது ஒரு நாள் தன் வீட்டையே இடிச்சிடுவான். கெட்டவனா இருக்கணும்னு இல்ல. தூக்கக் கலக்கம் போதும்." கிழவிகள் எல்லாரும் தலையாட்டிக் குறிப்பெடுப்போம். நானும் கடைசி வரிசையில் இருந்தேன், காபி போட்டுக் கொடுப்பதற்காக.

எங்கள் கணினிக்கு அவர்தான் நிர்வாகி. நான் சாதாரண ஆள். கடவுச்சொல் என்னவென்று நான் கேட்டதில்லை. அவர் அடிக்கும்போது நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். கடையில் ஒருவர் அட்டையைச் செருகி எண் அடிக்கும்போது பின்னால் நிற்பவர் கூரையைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்குள் எதற்கு அது என்று கேட்டால், மரியாதை, அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு முறை, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஏற்ப ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளுகிற அந்த இரண்டு ஞாயிறுகளில், புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியையும் கடவுச்சொல்லையும் அவர் மாற்றுவார். எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். ஒரு தடவை, மூட்டு அறுவைக்குப் போவதற்கு முன், "உனக்கும் சொல்லி வைக்கிறேன்" என்றார். "எனக்கு எதுக்கு? நீதான் இருக்கியே," என்றேன். பெரிய புத்திசாலி நான்.

போன வசந்தத்தில் ஞாபக மறதிக்கான மருத்துவமனையில் அவருடைய நோயின் பெயரைச் சொன்னார்கள். அதற்கு அப்புறமும் ரொம்ப நாள் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கணினி ஏதோ ஒன்றுக்கு அவரை அனுமதிக்கவில்லை. அவர் என்ன தப்பாகச் செய்தார் என்று அவருக்குப் புரியவில்லை. அதற்காக மெனுவில் தானே ஒரு வரி சேர்த்தார்: 'பனி, நிர்வாகியாகத் திற'. அன்றிலிருந்து அந்த வழியாகத்தான் போவார், கடவுச்சொல்லை அடிப்பார், நிர்வாகியாகவே பனிக் கணக்கை எழுதுவார். எழுதி முடித்தும் அப்படியே உட்கார்ந்திருப்பார். வகுப்பில் சொன்னதெல்லாம் எனக்கு நினைவு வந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பு எடுத்தவருக்கே சொல்வதா?

அன்று காலையில்தான், ஏதோ பழைய பழக்கத்தில், சாதாரண வழியாக உள்ளே போயிருக்கிறார். பூட்டுகள் கண்ணில் பட்டுவிட்டன.

"உன்னோட அந்த வரி இருக்கே, அது வழியாப் போயேன்," என்றேன்.

மெனுவைத் திறந்து கடைசி வரியை அழுத்தினார். பெட்டி வந்தது. மேலே அவர் பெயர், கீழே காலியான ஒரு கோடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விசைகள் தட்டும் சத்தம், நிறுத்தம். மறுபடி தட்டும் சத்தம். மூன்றாவது முறை மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. நான் திரும்பியபோது பெட்டி, மாட்டேன் என்று தலையாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடி நின்றது. என்சியோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத ஆளைப் பார்ப்பது மாதிரி.

"யாரோ மாத்திட்டாங்க," என்றார்.

"யாரு வருவா இங்க? நானும் நீயும்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில், சாதாரணமாக, கோபமே இல்லாமல், ஒரு கணக்குப் போடுகிற மனிதன் இருந்தான். இருவர் இருக்கும் வீட்டில் தான் செய்யவில்லை என்றால் யார் செய்தது? அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்த வாடை வந்தது. தப்பித்தோம் என்று ஓடினேன்.

பத்து மணிக்கு தாய்ஸ்தோ வந்தான், கடைப் பலகைக்கு எண் கேட்டு. அவனுக்கு எழுபத்தைந்து வயது, இன்னும் உள்ளே வரும்போது காலணியைக் கழற்றாமல் பாயிலேயே தேய்த்துக்கொண்டு நிற்பான். ஊருக்கே என்சியோவின் நோய் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக எல்லாரும் கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள்.

"ஐம்பத்து நாலு," என்றேன் நான்.

"நீ ஏன் சொல்ற? எங்க நம்ம எஞ்சினியர்? எழுதி வெச்சதைப் பார்த்துல்ல சொல்லுவாரு."

"கணினி திறக்கல," என்றார் என்சியோ அறையிலிருந்து.

"ஓஹோ! அத்தனை வருஷமா எங்களையெல்லாம் பாஸ்வேர்டு கேட்டுப் பாடாப் படுத்தினியே. இப்ப உன் பெட்டி உன்னையே வாசல்ல நிக்க வெச்சுடுச்சா?" தாய்ஸ்தோ வயிறு குலுங்கச் சிரித்தான். "நாய் மாதிரிதான் அதுவும். எஜமான் குடிச்சிட்டு வந்தா குரைக்கும்."

வேறு நாளாக இருந்தால் என்சியோ இதற்கு ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பார், இருவரும் அரை மணி நேரம் அடித்துக்கொண்டிருப்பார்கள். அன்று அவர் வெளியே வந்து, தாய்ஸ்தோவின் காலணியைப் பார்த்து, "தரையை நனைக்கிற," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாய்ஸ்தோ சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் குரலைத் தணித்து, "ஐம்பத்து நாலுன்னு போட்டுடவா, இல்ல ஐம்பதுன்னு போடவா?" என்றான். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நாலு சென்டிமீட்டர் பாதுகாப்புக்காகக் குறைத்துப் போடலாமா என்று கேட்கிறான். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"நானும் படிச்சேன். ஐம்பத்து நாலு," என்றேன். கொஞ்சம் கத்தியிருப்பேன்.

மகன் யோவுனிக்குத் தம்பெரே நகரத்தில் இதே கணினி வேலைதான். மத்தியானம் அவனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன்.

"அவரேதான்மா பூட்டினாரு," என்றான்.

"எப்படிடா? பூட்டவே இல்லைங்கறாரு."

"நிர்வாகியா உள்ள போய் எழுதினா, எழுதினது நிர்வாகிக்குச் சொந்தமாயிடும். அப்பாவோட நிரல் ஒவ்வொரு தடவையும் எல்லா வருஷத்தையும் திருப்பி எழுதுது. அப்புறம் சாதாரண என்சியோவா வந்து கேட்டா, யாரு நீன்னு கேக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அதுக்குத் தெரியாது. புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாரும் செய்யற தப்பு. அப்பா வகுப்புல முதல் நாளே சொல்லுவாரு, மெனுவில இருந்து எதையும் நிர்வாகியாத் திறந்து பழகாதேன்னு."

சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். ஒரு யூஎஸ்பி குச்சியில் வேறு லினக்ஸ் கொண்டுவந்து, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, புதுக் கடவுச்சொல் போட்டுவிடலாமாம். இருபது நிமிட வேலை.

"ஆனா மறுபடி அப்பாவை அட்மின் ஆக்க மாட்டேன்மா. நீதான் இருக்கணும்."

"நானா? எனக்கு பிரிண்டரே நிறுத்தத் தெரியாது."

"அதனாலதான்."

சனிக்கிழமை யோவுனி வந்தான். ஏலக்காய் பன் செய்திருந்தேன், சவுனாவும் சூடாகிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் முதலில் கணினி அறைக்குத்தான் போனான். என்சியோ நல்ல மனநிலையில் இருந்தார், மகனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். குச்சியைப் பார்த்ததும், "அணைக்கப் போறியா?" என்றார்.

"அணைச்சாத்தான்பா முடியும்."

"நானூத்திப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கு."

இதையும் சொல்ல வேண்டும். இவர்களுக்கெல்லாம் கணினியை அணைக்காமல் எத்தனை நாள் ஓட்டினோம் என்பதில் ஒரு பெருமை. மின்சாரம் போனாலும் தாங்க அடியில் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார். பழைய ஆலை நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும்போது கீழே அந்த நாள் எண்ணிக்கையைப் போடுவார், அவர்களும் போடுவார்கள். எத்தனையோ ஞாபகம் போய்விட்ட மனிதருக்கு அந்த நானூற்றுப் பன்னிரண்டு மட்டும் எப்படி நின்றதோ தெரியவில்லை.

யோவுனி என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். நான் விலக்கியிருக்கக் கூடாது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவன் பொத்தானை அழுத்தினான், அடியில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் இருந்ததே, அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்சியோ கையை மடியில் வைத்துக்கொண்டு கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து பூட்டுகள் எல்லாம் போயின. "இப்ப இதுக்கு யாரு எஜமான்?" என்று கேட்டார் என்சியோ.

"அம்மா," என்றான் யோவுனி.

"எய்லாவா?" என் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கூட்டுறவுக் கடையில் புது மேலாளரைப் பார்த்துவிட்டுச் சொல்வது போல, "சரி. நல்லா நடத்துவா," என்றார். சவுனாவுக்குத் துண்டு எடுக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் யோவுனி என்னைக் கிட்டே கூப்பிட்டான். வருட வரிசையில் விரலை ஓட்டினான். 1990 இருந்தது. அடுத்தது 1999. நடுவில் எட்டு வருடம் இல்லை.

"அழிச்சிருக்காரு. ஜனவரியில. ஒரே கணக்கு ரெண்டு தடவை இருக்குன்னு நெனச்சிருப்பாரோ என்னவோ. நிர்வாகியா இருந்ததால கேக்காம அழிச்சிருக்கு, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகல."

"நகல் வட்டுல இருக்குமே? வாராவாரம் தானா நகல் எடுக்குதுன்னு சொல்லுவாரே."

"பார்த்தேன். அது இங்க இருக்கிறதை அப்படியே அங்க வைக்கும்மா. இங்க இல்லாததை அங்கயும் எடுத்துடும். அப்பாவே எழுதினது, ரொம்ப ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு." 1990க்கும் 1999க்கும் நடுவில் விரலை வைத்தான். "நான் முதல் தடவை அளவுகோல் புடிச்சது தொண்ணூத்தி நாலுலம்மா. அப்பா படிச்சாரு, நான் படிச்சேன். நான் ஒண்ணு கூடப் படிச்சுட்டேன். மறுபடி ஓட்டை போட வெச்சாரு."

எவ்வளவு என்று அவனுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. அந்தக் குளிர்காலம் எனக்குத் தெரியும். அவனுக்குச் சிவப்புக் குல்லாய், சமையலறையிலிருந்து நேராக வந்ததால் என் கோட்டுக்குள் இன்னும் ஏப்ரன் இருந்தது, அது நடக்கும்போது முழங்காலில் தட்டியது, எல்லாம் தெரியும். எண் தெரியாது. எண்ணை அவர் வைத்திருக்கிறார் என்றுதான் நான் வைத்துக்கொள்ளவில்லை.

மெனுவில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுவதாக யோவுனி சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அது அவர் கையால் சேர்த்தது. காணவில்லை என்றால் நாள் முழுக்கத் தேடுவார், தேடிக் கிடைக்காவிட்டால் என்னைப் பார்ப்பார், அந்தக் கணக்குப் போடும் பார்வை. "இருக்கட்டும்டா. கடவுச்சொல்தான் என்கிட்ட இருக்கே."

"கேட்டாரு, குடுத்தேன்னு ஆகிடக் கூடாதும்மா. இப்ப மீதி இருக்கிற வருஷமாவது இருக்கணும். கேட்டா, தப்பா அடி. ஏத்துக்க மாட்டேங்குதுன்னு சொல்லு. மறந்துடுவாரு." சொல்லிவிட்டு அவனே தலை குனிந்துகொண்டான். சாதாரண வழியாகப் போனால் பூட்டு விழாது, எண்ணை நீயே அங்கே எழுதிவிடு என்று காட்டிக் கொடுத்தான். ஞாயிறு மத்தியானம் கிளம்பிப் போனான்.

அவர் மறக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணி. மெனு, கடைசி வரி, பெட்டி. பெட்டியில் இப்போது என் பெயர். "எய்லா, உன்னைக் கேக்குது," என்று கூப்பிட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டு, ஜன்னலுக்குப் போய், முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லாமலே. வருடக் கணக்காக நான் செய்ததை அப்படியே செய்தார். நான் ஏதேதோ எழுத்துகளைத் தட்டினேன். பெட்டி தலையாட்டியது. மறுபடி தட்டினேன்.

"ஏத்துக்க மாட்டேங்குது," என்றேன்.

"இன்னொரு தடவை அடி. அவசரப்படாதே."

அவசரப்படாமல் தப்பாக அடித்தேன்.

"சரி, விடு. நாளைக்குப் பாக்கலாம்."

சாதாரண வழி இருக்கிறதே, அதில் எழுதேன் என்றால், "அது சும்மா வந்து போறவங்களுக்கு," என்கிறார். அதனால் அவர் மத்தியானம் படுத்தபோது நானே எழுதினேன். செவ்வாயும் இதே கதை. புதன்கிழமை பெட்டி மூன்றாவது முறை ஆடியபோது அவர் ஜன்னலிலிருந்து வந்து என் தோளில் கை வைத்தார். கனமான கை, இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

"பயப்படாதே," என்றார். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் என் முகம் தெரிந்துவிடும்.

"யோவுனிகிட்ட சொல்ல வேணாம். அவன் வந்து உன்கிட்ட இருந்தும் எடுத்துடுவான்," என்றார், ரகசியமாக.

அன்றிலிருந்து என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார். சாவியை எங்கே வைத்தேன் என்று நான் தேடினால், கேட்காமலே வந்து கூடத் தேடுகிறார். உப்பு இரண்டு தடவை போட்டுவிடாதே என்று நினைவுபடுத்துகிறார். வெள்ளிக்கிழமை தாய்ஸ்தோ எண்ணெய் டப்பா திருப்பித் தர வந்தபோது, இருவரும் விறகுக் கொட்டகை அருகே நின்று பேசியது எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"எய்லாவுக்குத்தான் கொஞ்ச நாளா..." என்று என்சியோ தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "அவகிட்ட ஒண்ணும் காட்டிக்காதே. உரக்கப் பேசாதே, அவளுக்குப் பிடிக்காது."

தாய்ஸ்தோ ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைத் துலக்கினேன். சுத்தமாக இருந்த பாத்திரம்தான். யோவுனியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அவரிடம் நிஜத்தைச் சொல்லி, வேண்டுமென்றே தப்பாக அடித்தேன் என்றால், அவரை வாசலில் நிறுத்தியது நான்தான் என்று ஆகும். சொல்லாவிட்டால், என் நோய்க்காக அவர் படுகிற கவலையை நான் சும்மா வாங்கிக்கொண்டிருக்கிறேன். சரியாக அடித்தால், எட்டு வருடம் போனது போல இன்னும் எட்டுப் போகும். நிர்வாகி என்றால் எல்லாம் முடியும் என்றுதானே வகுப்பில் எழுதிக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு, மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. விடியும்போதே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. சமையலறைக் கடிகாரத்தை அவர் நாற்காலியில் ஏறி மாற்ற, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். புகை மணியின் பேட்டரியையும் மாற்றினார், அது வீடே அதிரக் கத்திவிட்டு ஓய்ந்தது. பிறகு ஏரிக்குப் போனோம். மேல்பனி இளகியிருந்தது, காலடி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. இருநூறு அடியை அவர் தவறாமல் எண்ணினார். துளைப்பானை நான்தான் பாதிக்கு மேல் சுற்றினேன். கொக்கி மாட்டியது.

"நாற்பத்தேழு," என்றார்.

"நாற்பத்தேழு," என்றேன்.

காபிக் குடுவையை மூடி வீட்டுக்கு வந்ததும் ஈரக் காலுறையோடு நேராகக் கணினிக்குப் போனார். மெனு, கடைசி வரி. என் பெயர் வந்தது. நாற்காலியை எனக்கு விட்டார்.

"நாற்பத்தேழை எழுதணும். அப்புறம் இன்னைக்குக் கடிகார ஞாயிறு, பாஸ்வேர்டும் மாத்தணும். ரெண்டும் இருக்கு, மறந்துடாதே," என்றார். "வராட்டி பரவாயில்ல. வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

நான் உட்கார்ந்தேன். விசைகள்மேல் விரல்களை வைத்தேன். காலியான கோட்டின் முனையில் கர்சர் தோன்றித் தோன்றி மறைந்தது. என்சியோ ஜன்னலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி, ரொம்பக் கிட்டே நின்றுகொண்டார். போன வாரம் நான் வெட்டிவிட்ட முடி பின்கழுத்தில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. அவர் மூச்சில் கண்ணாடியில் ஒரு வட்டம் வெண்மையாகப் படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது. அதற்கு அப்பால் ஏரிமேல் எங்கள் இருவரின் தடம், நேராகப் போய், எங்கள் ஓட்டை இருக்கும் இடத்தில் நின்றிருந்தது.

"நான் பாக்கல," என்றார். "நீ அடி."